சுங்கச் சாவடியில் ஒரு பறவை: அருவச் சிற்பமும் பொருள் என்னும் வினாவும்

'இதன் பொருள் யாது?' என்னும் வினாவை எதிர்கொள்ளாத கவிஞர் இலர். கவியரங்க மேடையிலிருந்து இறங்கும்போதும், அச்சில் வந்த கவிதையைப் பார்த்த உறவினர் கேட்கும்போதும், நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் இளையவர் ஒருவர் எழுந்து வினவும்போதும் இவ்வினா நம்மைத் தேடி வருகிறது. சிற்பிக்கும் இதிலிருந்து விலக்கில்லை. கவிஞரிடமாவது விடைசொல்லச் சொற்கள் உள்ளன. அவர் புழங்கும் பொருளும் சொல்லே, விளக்கும் கருவியும் சொல்லே. சிற்பியோ கல்லிலும் வெண்கலத்திலும் சொல்லியதை வேறொரு மொழியில் மீண்டும் சொல்ல வேண்டியவராகிறார். அதிலும், அவர் படைத்தது கண், மூக்கு, கை, கால் என்று சுட்டிக்காட்ட இயலாத அருவச் சிற்பமாயின் அவர் நிலை இன்னும் இக்கட்டானது.

அத்தகைய இக்கட்டு ஒன்று, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கையும், வழக்கின் நடுவில் சிற்பி தம் படைப்பைப் பற்றிக் கூறியவற்றையும், அதே சிற்பி பின்னாளில் நம் நாட்டுக்கு வந்து சென்ற வரலாற்றையும் எடுத்துரைப்பதும், அவற்றை நம் மரபின் ஒளியில் வைத்துக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பல்லடம் சாலையில் பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நடுவே பத்தாண்டுகள் தமிழ் வளர்த்த ஒரு வட்டத்தின் மலரில் இவ்வரலாறு இடம்பெறுவது பொருத்தமானதே. வழக்கின் மையம் ஏற்றுமதி, இறக்குமதி, தீர்வை விழுக்காடு ஆகியன. இவை இவ்வூரார்க்குப் புதியன அல்ல.

1. நியூயார்க் துறைமுகத்தில்

கான்ஸ்டன்டின் பிரான்குசி 1876 ஆம் ஆண்டு ருமேனிய நாட்டின் ஹோபிட்சா என்னும் சிற்றூரில் பிறந்தவர். மரவேலைப்பாட்டுக்குப் பேர்பெற்ற உழவர் பகுதி அது. பாரிசு நகருக்குச் சென்று சிற்பம் பயின்ற அவர், 1907 இல் புகழ்பெற்ற சிற்பி ரொடேனின் பட்டறையில் சிறிது காலமே பணியாற்றி விலகினார். அதன்பின் தமக்கெனத் தனிவழி கண்டார். ருமேனிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'மையாஸ்ட்ரா' என்னும் மாயப்பறவையை 1910 ஆம் ஆண்டளவில் பளிங்கில் வடித்தார். அப்பறவைக்குக் கழுத்தும் அலகும் உடலும் இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாகக் கரைந்தன. இறுதியில் எஞ்சியது, மேல்நோக்கி மெலிந்தெழும் ஒரே வளைகோடு. 'வெளியில் பறவை' என்று அவர் பெயரிட்ட இவ்வடிவத்தை 1923 முதல் 1940 வரை பளிங்கிலும் வெண்கலத்திலுமாக ஏறத்தாழ 16 முறை செய்தார்.

அவற்றுள் வெண்கலப் பறவை ஒன்றை எட்வர்ட் ஸ்டைக்கன் என்னும் ஒளிப்படக் கலைஞர் வாங்கினார். 1926 அக்டோபரில், பிரான்குசியின் வேறு படைப்புகளோடு அது கப்பலில் நியூயார்க் சென்றடைந்தது. உடன் சென்றவர் ஓவியர் மார்செல் துஷாம்ப். அன்றைய அமெரிக்கத் தீர்வைச் சட்டத்தின்படி கலைச் சிற்பங்களுக்கு வரி இல்லை. ஆயின் சுங்க அலுவலர்கள் அப்பறவையைச் சிற்பமாக ஏற்கவில்லை. சமையலறைக் கருவிகளும் மருத்துவமனைச் சாதனங்களும் அடங்கிய உலோகப் பண்டங்களின் வகையில் சேர்த்து, 40 விழுக்காடு தீர்வை விதித்தனர். சிற்பத்தின் விலை 600 டாலர். தீர்வை ஏறத்தாழ 240 டாலர்.

எதிர்ப்பு எழுந்தபின் சுங்கத்துறை கலையுலகப் பெரியவர் சிலரிடம் கருத்துக் கேட்டது. அவர்களும் இது கலையன்று என்றனர். பிரான்குசி பார்ப்பவரின் கற்பனைக்கு அளவுக்கு மீறி விட்டுவிடுகிறார் என்பது அவர்கள் கூறிய குறை. கவிதை எழுதுவோர் இக்குற்றச்சாட்டைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம்மில் பலருக்கு இது பாராட்டாகவே ஒலிக்கும்.

2. மன்றத்தில் எழுந்த வினாக்கள்

வழக்கு பிரான்குசியின் பெயரால் தொடுக்கப்பட்டது. கலைப் புரவலரான கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி அம்மையார் செலவை ஏற்றார். 1927 அக்டோபரில் சாட்சி விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்புக்குப் பழைய தீர்ப்பு ஒன்று துணைநின்றது. சிற்பம் என்பது இயற்கைப் பொருள்களை, சிறப்பாக மனித உருவத்தை, உரிய அளவுகளுடன் பார்த்துச் செய்வதாகும் என்பது 1916 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். ஆகவே, இது பறவையைப் போல் இருக்கிறதா என்பதே மன்றத்தின் முதல் வினாவாயிற்று.

ஸ்டைக்கன் நேர்மையான விடை பகர்ந்தார். சிற்பி இதைப் பறவை என்றார். நானும் அவ்வாறே அழைக்கிறேன். இது பறவைபோல் தோன்றவில்லை. ஆயினும் பறவை என்று உணர்கிறேன் என்பது அவர் கூற்று. காட்டில் இதைக் கண்டால் பறவையென்று சுடுவீரா என்று நீதிபதி வினவ, மாட்டேன் என்றார். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் வேறொரு வழியை மேற்கொண்டார். ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய எகிப்தியக் கல்வல்லூறு ஒன்றை மன்றத்திற்கே கொண்டுவந்து காட்டினார். அதிலும் இறகும் காலும் தெளிவாக இல்லை. எனினும் எவரும் அதைக் கலையன்று எனத் துணியவில்லை. கைதேர்ந்த ஒரு தொழிலாளி பித்தளைக் கம்பியை இவ்வாறே மெருகிட்டுத் தந்தால் அதுவும் கலையாகுமா என்று அரசு வழக்கறிஞர் மடக்கினார். மெருகிட அவரால் இயலும். இதைக் கருக்கொள்ள அவரால் இயலாது என்பது எப்ஸ்டீனின் விடை.

இவ்விடை வழக்கை வெல்ல உதவியது. ஆயினும், உழைப்பாளர் வாழும் இவ்வூரிலிருந்து நோக்கும்போது இதை முழுதும் ஏற்க மனம் இசையவில்லை. கருத்து ஒருவர்க்கு உரியது, மெருகு மற்றொருவர்க்கு உரியது என்னும் பிரிவினையை இவ்விடை எளிதாக ஒப்புக்கொள்கிறது. பிரான்குசியோ அவ்வாறு ஒப்புக்கொண்டவர் அல்லர். அதைக் காட்டுவது அவரது வாக்குமூலமாகும்.

3. சிற்பி சொன்னதும் சொல்லாததும்

பிரான்குசி நியூயார்க் செல்லவில்லை. அவருடைய வாக்குமூலம் பாரிசிலேயே பதிவுசெய்யப்பட்டது. தம் பறவையின் பொருள் இன்னது என்று நீண்ட விளக்கம் அவர் தந்திருப்பார் என எதிர்பார்ப்போம். அவரோ வேலையின் வரலாற்றைக் கூறினார். கருத்து 1910 ஆம் ஆண்டளவிலேயே தோன்றியது, வெண்கலத்தில் அமையவேண்டியதாகவே அதனை எண்ணினேன், பிளாஸ்டர் மாதிரி செய்தேன், உலோகக் கலவையின் அளவையும் குறித்து வார்ப்பவரிடம் தந்தேன், வார்ப்பு வந்தபின் காற்றுத் துளைகளை அடைத்தேன், குறைகளைத் திருத்தினேன், அரத்தாலும் மிக நுண்ணிய எமரியாலும் தேய்த்து மெருகேற்றினேன், இவை அனைத்தையும் என் கையாலேயே செய்தேன். இதுவே அவர் கூற்றின் சுருக்கம்.

இவ்வாக்குமூலம் சட்டத்தின் தேவைக்காகச் சொல்லப்பட்டது என்பது உண்மையே. மூலப்படைப்பா, தொழில்முறைச் சிற்பியின் கைவண்ணமா, பயன்பாட்டுப் பொருளா என்பனவே சட்டம் கேட்ட வினாக்கள். ஆயினும் அதற்கும் அப்பால் ஒரு செய்தி இதில் உண்டு. பொருளைக் கேட்டவர்க்குச் செய்முறையை விடையாகத் தந்தார் சிற்பி. அரத்தின் ஒவ்வொரு தேய்ப்பும், 'இங்கே இறகு வேண்டா, இங்கே கால் வேண்டா' என்னும் முடிவு. அம்முடிவுகளின் தொகையே பறவை. அதற்கு வெளியே தனித்த ஒரு பொருள் கிடையாது.

பிற இடங்களில் பிரான்குசி தம் கலை பற்றிக் கூறிய கருத்துகளும் ஈண்டு நினைக்கத்தக்கன. தம் படைப்பை அருவம் என்று அழைப்போரை அவர் கடுமையாக மறுத்தார். புறவடிவம் மெய்ம்மை அன்று. பொருளின் சாரமே மெய்ம்மை. ஆகவே தம் வேலையே உண்மையானது என வாதிட்டார். பறவையைச் செய்வது தம் நோக்கமன்று, பறத்தலைச் செய்வதே வாழ்நாள் தேட்டம் என்பது அவருடைய நிலைப்பாடு. தமிழிலக்கண மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். பறவை பெயர், பறத்தல் தொழில். தொழிற்பெயருக்கு உருவம் கொடுக்க முயன்றவர் பிரான்குசி எனலாம். ஓடுதல், உண்ணுதல், ஏங்குதல் ஆகியவற்றைக் கவிஞர் நாள்தோறும் சொல்லால் பிடிக்க முயல்கின்றனர். அதே முயற்சியை வெண்கலத்தில் செய்தவரை விந்தையாகக் காண்பதற்கு நமக்குக் காரணமில்லை.

4. தீர்ப்பும் அதன் எல்லையும்

1928 நவம்பர் 26 அன்று தீர்ப்பு வந்தது. இயற்கைப் பொருள்களைப் பார்த்துச் செய்யாமல் அருவக் கருத்துகளை உருவாக்க முயலும் புதிய கலைக்குழு தோன்றியுள்ளது என்பதை மன்றம் ஏற்றது. அக்குழுவின் கொள்கையோடு உடன்படுகிறோமா இல்லையா என்பது வேறு. அது உண்டு என்பதைக் கணக்கில் கொள்ளாதிருக்க இயலாது என்றது. இதைப் பறவையோடு தொடர்புபடுத்துவது கடினமாக இருக்கலாம், ஆயினும் காண்பதற்கு இனியது, அழகுடையது, தொழில்முறைச் சிற்பியின் மூலப்படைப்பு, ஆகவே தீர்வையின்றி அனுமதிக்கத்தக்கது என முடித்தது.

தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதையும் நோக்க வேண்டும். பறவையின் பொருளை மன்றம் கூறவில்லை. எந்த வரிசையில் அது நிற்கவேண்டும் என்பதையே கூறியது. வகைப்படுத்தல் வேறு, பொருள்கோடல் வேறு என்னும் உண்மை இதனால் பெறப்படுகிறது.

இவ்வேறுபாட்டை நம் ஊரார் நன்கு அறிவர். 1988 சனவரி 1 முதல் பன்னாட்டு அளவில் நடைமுறைக்கு வந்த பொருள் வகைப்பாட்டு முறையில் பின்னலாடைகள் 61 ஆம் அத்தியாயத்தில் அமைகின்றன. டி-சட்டையும் பனியனும் 6109 என்னும் எண்ணில் அடங்கும். அதே நிரலின் 97 ஆம் அத்தியாயம் கலைப் படைப்புகளுக்கு உரியது; மூலச் சிற்பங்கள் 9703. ஒரே ஏட்டில், சில பக்க இடைவெளியில், நம் ஊரின் பனியனும் பிரான்குசியின் பறவையும் இருக்கின்றன. 6109 என்னும் எண், அந்தப் பனியனை ஓவர்லாக் எந்திரத்தில் இரவுநேரப் பணியில் தைத்தவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 9703 என்னும் எண்ணும் பறத்தலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எண் கதவைத் திறக்கும். உள்ளே இருப்பதைக் காட்டாது.

இச்சிக்கல் அன்றோடு தீர்ந்துவிட்டதெனவும் கருத வேண்டா. டான் ஃபிளாவின் என்னும் அமெரிக்கக் கலைஞரின் ஒளிக்குழல் படைப்புகளைக் கலையென்று 2008 இல் பிரித்தானியத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆயினும் 2010 இல் ஐரோப்பிய ஆணையம் அவற்றை விளக்குப் பொருத்திகளின் வகையில் சேர்த்தது. சமையலறைக் கருவியாக நிறுத்தப்பட்ட பறவைக்கு, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உறவினர் பிறந்துகொண்டே இருக்கின்றனர்.

5. இந்தூரில் எழாத கோயில்

இனி இவ்வரலாற்றின் இந்தியப் பகுதிக்கு வருவோம். இந்தூர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் இளமையிலேயே ஐரோப்பியப் புதுக்கலையில் ஈடுபாடு கொண்டவர். எக்கார்ட் முத்தேசியஸ் என்னும் செருமானியக் கட்டடக் கலைஞரைக் கொண்டு, 1930களின் தொடக்கத்தில் மாணிக் பாக் என்னும் அரண்மனையை எழுப்பினார். பிரான்குசியின் பறவைகளில் மூன்றை அவர் பெற்றார். ஒன்று வெண்கலம்; ஒன்று கறுப்புப் பளிங்கு; மற்றொன்று வெண்பளிங்கு. அவற்றை வைப்பதற்குத் தியான மண்டபம் போன்றதொரு கோயிலை அமைக்கவும் சிற்பியிடம் கேட்டுக்கொண்டார்.

அக்கோயிலுக்காகப் பிரான்குசி கண்ட கனவு வியப்பூட்டுவது. சன்னல்கள் இல்லாத அறை, நிலத்தடி வழியாக நுழைவாயில், நடுவே நீர், சுற்றிலும் பறவைகள், மேலேயுள்ள திறப்பின் வழியாக மட்டும் இறங்கும் ஒளி. கருவாலி மரத்தில் அவர் செதுக்கிய 'மன்னர்க்கு மன்னன்' என்னும் உயர்ந்த சிற்பமும் அங்கே நிற்க வேண்டியதாக இருந்தது. நம் கோயில்களின் கருவறையை அறிந்த எவரும் இவ்வமைப்பின் உறவை உணர்வர். இருளும் ஒடுக்கமும் ஒற்றை ஒளியும் சேர்ந்து, காண்பவரின் உடலையே வழிபாட்டுக்கு ஆயத்தப்படுத்தும் இடம் அது. திபெத்தியத் துறவி மிலரேப்பாவின் வரலாற்றை விரும்பிப் படித்தவர் பிரான்குசி. கீழ்த்திசை மெய்ஞ்ஞானத்தில் அவருக்குப் பற்று இருந்தது.

1937 இல் அரசி சன்யோகிதா தேவி மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் பிரான்குசி இந்தியாவிற்குப் புறப்பட்டு வந்தார். ஆயினும் பணி தொடங்கவில்லை. 1938 இன் தொடக்கத்தில் அவர் வெறுங்கையுடன் திரும்பினார். கோயில் எழவே இல்லை. கறுப்பு, வெள்ளைப் பளிங்குப் பறவைகள் இரண்டும் 1973 இல் ஆசுதிரேலியாவின் கான்பெரா தேசியக் கலைக்கூடத்துக்குச் சென்றன. 'மன்னர்க்கு மன்னன்' நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பறவைகள் தங்கியிருந்த மாணிக் பாக் அரண்மனையோ பின்னாளில் சுங்கம், மத்திய ஆயத்தீர்வைத் துறையின் அலுவலகமாயிற்று. நியூயார்க்கில் சுங்கச் சாவடியிலிருந்து விடுதலை பெற்ற பறவையின் இந்தியக் கூடு, இறுதியில் சுங்கத்துறையின் இருப்பிடமாகியது. இதனினும் கூர்மையான முரணை எந்தக் கவிஞரும் புனைந்திருக்க இயலாது.

இப்பகுதி நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நீதிமன்றம் பறவைக்குப் பெயர் தந்தது. அருங்காட்சியகம் பாதுகாப்புத் தந்தது. ஆனால் சிற்பி வேண்டியது இடம். எந்த ஒளியில், எத்தகைய அமைதியில், எந்த மனநிலையில் அதைக் காணவேண்டும் என்பதும் பொருளின் ஒரு பகுதி என அவர் கருதினார். அப்பகுதி நிறைவேறாமலே போயிற்று.

6. நம் மரபில் அருவம்

தமிழர்க்கு அருவம் புதிதன்று. சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை ஒன்பதாக வகுக்கிறது. சிவம், சத்தி, நாதம், விந்து ஆகிய நான்கும் அருவம்; மகேசன், உருத்திரன், மால், அயன் ஆகிய நான்கும் உருவம்; இடையே நிற்கும் சதாசிவமே அருவுருவம். இலிங்கம் இவ்வருவுருவத்தின் திருமேனி. உருவமுமன்று, உருவமின்மையுமன்று; உருவத்தின் வாயிலில் நிற்கும் நிலை. தில்லையிலோ இன்னும் ஒருபடி மேற்சென்று, திரை விலகியதும் பொன் வில்வமாலை தொங்கும் வெறும் வெளியையே காட்டுகின்றனர்.

கொங்கு நாட்டின் தொன்மையும் இதற்குச் சான்று. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களையும், எழுத்துப் பொறித்த பானையோடுகளையும், மணிகள் செய்த தொழிற்கூடங்களையும் வெளிக்கொணர்ந்தன. திருப்பூர் மாவட்டத்துக் குமரிக்கல்பாளையத்தில் இன்றும் நெடுங்கல் ஒன்று ஓங்கி நிற்கிறது. அதில் முகமில்லை, ஆயுதமில்லை. நிமிர்ந்து நிற்றல் ஒன்றே அதன் சிற்பம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டறியப்பட்ட நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு, உருவம் இல்லை. வீரனை வாளோடும் வில்லோடும் செதுக்கிக் காட்டும் வழக்கம் பின்னர்ப் பெருகியதாகும். எழுத்து முந்தியது, உருவம் பிந்தியது.

எனவே 'மேலை நாட்டார் கண்டதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மகிழ்ந்து முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பது எளிது; ஆனால் பிழை. நெடுங்கல்லுக்கும் பிரான்குசியின் பறவைக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. தொல்காப்பியம் நடுகல் எடுத்தலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைத் தேடிக் காணலும், கொணர்தலும், நீராட்டலும், நடுதலும், படையலிடலும், வாழ்த்தலும் ஊரார் கூடிச் செய்யும் செயல்கள். இவ்வாறு செயல்களையும் கடந்தபின் அக்கல்லை நோக்கி 'இதன் பொருள் யாது?' என்று எவரும் கேட்கமாட்டார். மயிற்பீலி சூட்டியவரும் கள் படைத்தவரும் அதன் பொருளைத் தம் கைகளாலேயே செய்திருக்கின்றனர். இலிங்கத்தை நோக்கியும் அவ்வினா எழுவதில்லை. நீராட்டும் மலரும் விளக்கும் அதனைச் சூழ்ந்துள்ளன.

புதுக்கலைச் சிற்பிக்கு அந்த ஆறு நிலைகளுள் பெரும்பாலானவை இல்லை. அவர் தனியே கல்லைக் காண்கிறார், தனியே செதுக்குகிறார். சடங்கு கழன்றுபோன இடத்தில்தான் 'பொருள் யாது?' என்னும் வினா வந்து அமர்கிறது. ஆகவே அவ்வினா கேட்பவரின் அறியாமையால் மட்டும் எழுவதன்று. படைப்புக்கும் ஊருக்கும் இடையே அறுந்துபோன உறவைக் குறிக்கும் ஒலி அது.

அவ்வுறவு மீளவும் கூடியதற்குப் பிரான்குசியின் வாழ்விலேயே சான்று உண்டு. இந்தூரிலிருந்து திரும்பிய அதே 1938 இல், தம் தாய்நாட்டின் தர்கு ஜியு நகரில் அவர் நினைவுச்சின்னத் தொகுதி ஒன்றை நிறைவுசெய்தார். முதல் உலகப் போரில் அவ்வூரைக் காத்து மாண்டவர்க்காக, அப்பகுதி மகளிர் அமைப்பு வேண்டியதன் பேரில் எழுந்தது அது. பன்னிரண்டு இருக்கைகள் சூழ்ந்த 'மௌன மேசை', 'முத்த வாயில்', ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுள்ள 'முடிவிலாத் தூண்' ஆகியன அதன் உறுப்புகள். தூணில் வீரர் உருவம் ஏதுமில்லை. ஒரே வார்ப்பிரும்பு வடிவம், ஒன்றன்மேல் ஒன்றாக மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளது. அரை வடிவில் முடிவதால், கண் அதனை வானுக்குள் நீட்டிக்கொண்டே செல்கிறது. துணியில் ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் நெசவைக் கண்டு பழகிய நமக்கு இம்முறை அயலானதன்று. 2024 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நீதிமன்றத்தில் பறவைக்கு எழுந்த ஐயம் இத்தூணுக்கு எழவில்லை எனின், அதன் காரணம் தெளிவு. அது ஊரார் தம் இறந்தோர்க்கு எடுத்த நடுகல்.

7. சென்னைச் சிற்பிகளின் வழி

தமிழகத்திலும் இவ்வினாவோடு போராடியோர் உளர். 1850 இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1929 இல் பொறுப்பேற்றவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. பாறையைப் புரட்டும் நால்வரின் தசைத் திரட்சியில் உழைப்பு நேராகத் தெரிகிறது. அதன் பொருளை எவரும் வினவுவதில்லை. அவரிடம் பயின்ற எஸ். தனபால் (1919-2000) உருவத்தைத் துறக்காமலே அதனைச் சுருக்கவும் நீட்டவும் துணிந்தார். தனபாலின் மாணவர் பி.வி. ஜானகிராம் (1930-1995) செப்புத் தகட்டை அடித்தும் கம்பிகளைப் பற்றவைத்தும் சிற்பம் செய்தார். முன்புறம் மட்டுமே நோக்கும் அச்சிற்பங்கள், மூலவர்க்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டுவன.

கோயம்புத்தூரில் 1911 இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் ஓவியராயினும் ஈண்டுக் குறிக்கத்தக்கவர். 1963 அளவில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் எழுத்துகளும் சாதகக் கட்டம் போன்ற கோலங்களும் நிறைந்திருக்கும். ஆனால் அவ்வெழுத்துகள் படிப்பதற்கானவை அல்ல. எழுத்தைக் கண்டவுடன் பொருள்தேடும் நம் பழக்கத்தைத் தடுத்து நிறுத்தி, எழுத்தின் உருவையே காணுமாறு அவை பணிக்கின்றன. அவர் தலைமையில் 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. அக்கலைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கினர் என்பது வரலாறு. துணிக்குச் சாயமேற்றி ஈட்டிய காசில் அருவக்கலை குடியேறியது. கலை வேறு, தொழில் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

8. கவிஞர்க்கு ஒரு சொல்

இவ்வரலாற்றிலிருந்து கவிதைக்குப் பெறத்தக்கது யாது? தொல்காப்பியர் குறிப்புப்பொருளை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வேறுபடுத்துகிறார். உள்ளுறையில் கருப்பொருள் ஒவ்வொன்றும் சொல்லக் கருதிய ஒன்றற்கு ஒப்பாக நிற்கும். இதற்கு இது என்று பொருத்திக் காட்டிவிடலாம். இறைச்சியோ சொல்லிய பொருளுக்குப் புறத்தே தோன்றுவது, நுண்ணுணர்வுடையோர்க்கே புலப்படுவது. 'இது எதைக் குறிக்கிறது?' என்று கேட்பவர் எல்லாப் படைப்பையும் உள்ளுறையாகவே கருதுகிறார். ஸ்டைக்கன் 'பறவைபோல் இல்லை. ஆயினும் பறவை என உணர்கிறேன்' என்றபோது இறைச்சியின் பக்கம் நின்றார். 1971 இல் கோவையில் தோன்றிய வானம்பாடி இயக்கம், கவிதை மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றது. 1959 இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் வழிவந்தோர் படிமத்தின் செறிவைப் போற்றினர். இவ்விரு முகாம்களின் பூசலில் பெரும்பகுதி, உள்ளுறையை எதிர்பார்த்தவர்க்கும் இறைச்சியைத் தந்தவர்க்கும் இடையிலான பூசலே எனக் கருத இடமுண்டு.

அதேவேளையில், பிரான்குசி வென்ற வழக்கு, விளங்காமைக்கெல்லாம் வழங்கப்பட்ட உரிமச்சீட்டு ஆகாது. அவர் பறவையிலிருந்து இறகை நீக்கியது இறகு செய்யத் தெரியாமையால் அன்று. 1910 இன் மையாஸ்ட்ராவிற்கு அலகு இருந்தது. அதிலிருந்து வளைகோட்டை அடைய அவர்க்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்பதை அறிந்தவரின் மௌனமும், சொல்ல ஒன்றுமில்லாதவரின் மௌனமும் ஒன்றல்ல. முன்னதை வாசகர் காத்திருந்து கேட்கலாம். பின்னதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே நம் வட்டத்தில் ஒரு கவிதை வாசிக்கப்படும்போது 'இதன் பொருள் யாது?' என்பதற்கு முன்பாக இரண்டு வினாக்களை எழுப்பிப் பழகலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. முதலாவது, 'இதில் எவை நீக்கப்பட்டுள்ளன?' என்பது. இரண்டாவது, 'இது எவர் நடுவே நடப்படுகிறது?' என்பது. முதல் வினாவிற்குக் கவிஞர் தம் அரத்தையும் எமரியையும் காட்டி விடைதருவார். இரண்டாம் வினாவிற்கு விடைதர வேண்டியவர் கேட்போராகிய நாம். கல்லைக் காண்பதும் செதுக்குவதும் கவிஞரின் கடமை. நீராட்டி, நட்டு, வாழ்த்துவது ஊரின் கடமை. பின்னதை ஊர் கைவிட்டால், எத்தகைய நற்படைப்பும் சுங்கச் சாவடியில் வகை தெரியாமல் நிற்கும் பண்டமாகிவிடும்.

செக்கிங் மேசையில் நாளெல்லாம் நின்றவரும், கட்டிங் பிரிவில் துணியடுக்கின்மேல் குனிந்தவரும், பணி முடிந்து முகம் கழுவி வந்து அமர்ந்து கவிதை கேட்கும் அவை இது. இப்பத்தாண்டுகளில் இவ்வட்டம் ஆற்றிய பணியை ஒரே சொல்லில் கூறுவதாயின், அது கால்கோள் எனலாம். கற்கள் கொணரப்பட்டுள்ளன. நீராட்டவும் நடவும் வாழ்த்தவும் அடுத்த பத்தாண்டுகள் அமைவனவாகுக.